ஒரே ஆணி

…இல்லை, தயங்குவதற்கு இதில் ஒன்றுமில்லை, அம்மாவிடம் நேராகவே சொல்லிவிடலாம் என்று ஜெசிந்தா முடிவுகட்டியபோது பஸ் கண்டி நகரைக் கீழே விட்டு அம்பிட்டிய ஏற்றத்தில் முனகிக்கொண்டிருந்தது. அந்தாட்டிக்காவின் பனியை ஆழத் துளையிட்டு, மேலே வந்த பனி உருளையில் மனிதர் எவரும் சுவாசித்திராத காற்றின் குமிழிகளைக் கண்டவள், ஒரு பஸ் பயணத்துக்குள் ஒரு வாக்கியத்தைக் கட்டமாட்டாளா என்ன… இந்தக் குளிர்காலம் முழுவதும் அங்கே ஆய்வு நிலையத்துக்கு நான்தான் பொறுப்பு, அம்மா. இவ்வளவுதானே, ஆனால் அம்மாவோ மகள் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படிப்பிக்க வந்துவிட்டாள் என்று கோயிலில் எல்லோரிடமும் சொல்லிவைத்திருக்கிறாள், மறுக்காமல் இருந்தது யார் தவறு… கைக்குட்டையைத் தேடிய விரல்களில் ஏதோ சில்லென்று பட்டது, பெயர் பொறித்த தகடு, அட, இது எப்படி இங்கே! நிலையத்துக் கதவோரம் வெள்ளை ஆணிகள் ஒரு வரிசை, சிவப்பு ஆணிகள் ஒரு வரிசை, வெளியே போகிறவர் தகட்டைச் சிவப்புக்கு மாற்ற வேண்டும், குறித்த நேரம் தாண்டியும் அது சிவப்பில் தொங்கினால் மற்றவர்கள் விளக்குகளோடு தேடிப் புறப்படுவார்கள், ஊருக்குப் போகிறவர் தகட்டை ஒப்படைத்துவிட்டுத்தான் விமானம் ஏறலாம், அவளோ பழக்கத்தில் எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள், புதிதாக வந்தவர்களை இதற்காகவே எத்தனை முறை கடிந்திருப்பாள்… சிரிப்பு வந்தது. அப்பா கிளறன்ஸ் இருந்திருந்தால் இதையும் கதையாக்கியிருப்பார், யானையும் பெங்குவினும் கூட்டாக வீடு கட்டிய அந்தக் கதையைப் போல, வெயில் வர இந்தப் பக்கம் கதவு வை என்றது யானை, குளிர் வர அந்தப் பக்கம் வை என்றது பெங்குவின், பிறகு என்னப்பா என்றால், இன்னும் சண்டை முடியவில்லை மகள் என்பார்.

அம்மா பியட்றிஸ் குசினியில் லீக்ஸ் அரிந்துகொண்டிருந்தாள். பயந்ததைவிட எளிதாக வாக்கியம் வெளியே வந்தது, கத்தி மட்டும் ஒரு கணம் நின்றது. பேராதனைப் பிள்ளைகளை விட்டுவிட்டு பெங்குவினுக்குப் படிப்பிக்கவா போகிறாய் என்று கேட்டாள், குரலில் கேலி இருந்தது, அதுவே நல்ல சகுனம் என்று ஜெசிந்தா நினைத்தாள், நினைத்து முடிப்பதற்குள் அடுத்தது வந்தது.

“நடுவுல எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா?”

“வர ஏலாதும்மா. ஒம்பது மாசம் பிளேனே வராது.”

பொய் சொல்லாததில் ஒரு நிமிர்வு இருந்தது, பனி அவளுக்குக் கற்றுத்தந்தது அதைத்தான், உள்ளதை உள்ளபடி வாசிப்பது… அம்மா கையைத் துடைத்துக்கொண்டு, ஜெசிந்தா பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்திருந்த தகட்டைத் திருப்பிப் பார்த்து, என்னவென்று விசாரித்தாள், ஆணிகளைப் பற்றி முழுவதையும் பொறுமையாகக் கேட்டாள்.

“அப்ப இது இங்கயே இருக்கட்டும். அங்க வேற ஒண்ணு அடிச்சுக்க, மகள்.”

முன்கதவுக்குப் பக்கத்தில் அப்பாவின் குடை தொங்கும் ஆணியில் அதை மாட்டினாள், மாட்டிவிட்டு மறுபடி லீக்ஸுக்குப் போனாள். புதுத் தகடு அடிக்கலாம், அதிலொன்றும் சிரமமில்லை, எல்லாம் தீர்ந்துவிட்டது… ஆனால் ஜெசிந்தா நின்றுகொண்டே இருந்தாள். இந்த வீட்டில் இருப்பது ஒரே ஆணி, போனவருக்கும் அதுதான், இருப்பவருக்கும் அதுதான், நேரம் தாண்டிவிட்டது என்று அம்மாவுக்கு எது சொல்லும், சொன்னாலும் விளக்கை எடுத்துக்கொண்டு அவள் எந்தப் பக்கம் புறப்படுவாள்…