கை பிடித்ததற்குக் கட்டம் இல்லை

எங்கள் ஆஸ்பத்திரியில் நோட்டில் எழுதாததைத் தரக்கட்டுப்பாட்டு அதிகாரி கண்டுபிடித்துவிட்டால் அது நடக்காததாகிவிடும். குளிப்பாட்டியதை எழுத மறந்திருந்தால், அவர் கண் பட்டதும் நோயாளியின் முதுகில் அழுக்கு திரும்பிவிடும். பதினாறு வருடமாக நான் நர்ஸ். ஒரு முதுகைக்கூட மறந்ததில்லை.

செவ்வாய்க்கிழமை அதிகாரி சிகாமணி இஞ்சு டேப்போடு வந்தார். வார்டின் கவனிப்பு நாற்பது அடி இருக்க வேண்டுமாம். நோட்டைத் தரையில் விரித்து அளந்தார். கால் அடி குறைந்தது.

"கால் அடி எங்க?"

"ஒன்பதாம் பெட் பவுனக்கா சார். ஆபரேஷனுக்குப் பயந்தாங்க. ரெண்டு மணி நேரம் கையப் பிடிச்சுட்டு இருந்தேன்."

"எழுதலையே."

"அதுக்குக் கட்டம் இல்ல சார்."

"அப்பப் பிடிக்கல."

கை பிடிக்காவிட்டால் பவுனக்கா ஆபரேஷனுக்குப் போயிருக்க மாட்டாள். எனவே அவள் போகவில்லை. ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குக் கிளம்பப் பை கட்டிக்கொண்டிருந்தவள் வயிற்றைத் தடவினாள்.

"சிஸ்டரம்மா, எடுத்த கல்லு திரும்பி வந்துருச்சு."

விருந்தாளி வந்ததைச் சொல்வதுபோல் சொன்னாள். பிறகுதான் அழுதாள். வீட்டில் கிடேரி தலையீற்றுக் கன்று போட நிற்கிறது. நாலரை பஸ்ஸை விட்டால் மறுநாள்தான்.

ஸ்கேலையும் சிவப்புப் பேனாவையும் எடுத்தேன். கட்டம் போடுவதில் என்னை அடிக்க ஆளில்லை. மார்ஜினில் ஒரு கோடு இழுத்தேன். வார்டு ஒரு கட்டில் அகலம் கூடியது. யாரும் அதைப் பெரிதுபடுத்தவில்லை. 'கை பிடித்தது, 2 மணி நேரம்' என்று எழுதினேன்.

"செஞ்சு காட்டுங்க. பார்த்தாத்தான் கையெழுத்துப் போடுவேன்" என்று சிகாமணி தன் கையை நீட்டினார்.

பிடித்தேன். ஜில்லென்று இருந்தது.

அரை மணி நேரத்தில் பவுனக்கா, "புளியங்கொட்டை அளவாயிருச்சு" என்றாள். பிறகு, "இப்ப மிளகு." இரண்டு மணி நேரம் முடிந்தபோது, "ஒண்ணுமே இல்ல."

சிகாமணி இடது கையால் கையெழுத்துப் போட்டார். ஆபரேஷன் தழும்பு அதன் இடத்துக்கு ஒழுங்காக வந்து சேர்ந்தது. பவுனக்கா பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினாள். எனக்கு விசிலடிக்கலாம் போல இருந்தது.

அவர் கையை விட்டேன். "உங்க கையப் பிடிச்சதையும் எழுதிரவா சார்?"

சிகாமணி டேப்பைச் சுருட்டி என் மேஜை டிராயரில் போட்டு மூடினார்.

"வேணாம் சிஸ்டர். எழுதலைன்னா இன்னும் பிடிக்கலன்னுதான அர்த்தம்."

கையை மறுபடி நீட்டினார்.