சிவப்புப் பென்சில் போட்ட அலகு

பதினோராவது பாடம் திருத்தப்பட்டு வந்த உறையை எங்கள் கோழிப்பண்ணை வாசலிலேயே நின்று பிரித்தேன். உள்ளே நான் வரைந்து அனுப்பியிருந்த கோழி. அதன் முகத்தின் மேல் சிவப்புப் பென்சிலால் கூரான அலகு ஒன்று போடப்பட்டிருந்தது. ஓரத்தில் எழுத்து: "அலகு தவறு. கற்பனையில் வரைய வேண்டாம். ஒரு கோழியை நேரில் பார்த்து வரைந்து மறுபடி அனுப்பவும்." கீழே 'பி'.

என் முன்னால் கம்பிக் கூண்டுகளில் நாலாயிரம் கோழிகள் நின்றிருந்தன.

மெட்ராஸிலிருந்து தபாலில் சித்திரம் சொல்லித்தரும் பள்ளி அது. மாதம் ஒரு பாடம், ஒரு பயிற்சி; மொத்தம் பன்னிரண்டு. கடைசி மூன்று பாடங்களிலும் 'ஏ' வாங்குகிறவர்களுக்கு அவர்களுடைய சிறுவர் பத்திரிகையில் ஒரு கதைக்குப் படம் வரையத் தருவார்கள். பத்தாவதில் வாங்கிவிட்டேன். கல்யாணப் பத்திரிகைக்குப் பிறகு என் பெயர் எதிலும் அச்சாகவில்லை. தொண்ணூற்று நாலாம் வருஷம் முழுக்க எனக்கு இருந்த ஒரே ஆசை, ஒரு படத்தின் மூலையில் சின்னதாக 'புவனா' என்று இருக்க வேண்டும் என்பதுதான். ஒரு பாடத்தை ஒரு முறைதான் திருப்பி வரையலாம்.

திருத்துகிறவர் ஆணா பெண்ணா என்றுகூட எனக்குத் தெரியாது. பென்சிலை மட்டும் தெரியும். மூன்றாம் பாடத்தில் என் கையைப் பார்த்து வரைந்தபோது, "விரல்கள் நீளம்" என்று வந்தது. படத்தின் மேல் ஸ்கேலை வைத்து அளந்தேன். நீளம்தான். அன்றிலிருந்து என் கண்ணைவிட அந்தப் பென்சிலை நம்பினேன்.

இப்போது தாளைப் பார்த்தேன், கோழியைப் பார்த்தேன். மேல் அலகு குட்டை, கீழ் அலகு கொஞ்சம் துருத்தி இருந்தது. அப்படித்தான் வரைந்திருந்தேன். அடுத்த கூண்டு. அதற்கடுத்தது. எல்லாமே அப்படித்தான். அப்படியும் நான்தான் ஏதோ தப்பாகப் பார்க்கிறேன் என்று தோன்றியது.

கணவர் தம்பிதுரை தீவன மூட்டையை இறக்கிவிட்டு வந்தார்.

"ஏன் அம்மணி, மெட்ராஸ்காரரு பாஸ் போட்டுட்டாரா?"

"மூக்கு தப்பாமாங்க."

தாளை வாங்கிப் பார்த்தார். "தப்பில்லியே. நம்ம கோழி இப்படித்தான இருக்குது? அவரு முழு மூக்குக் கோழியப் பாத்திருப்பாரு. நம்முளுது வெட்டுனதுல்ல."

"வெட்டுனதுங்களா?"

அவர் சிரித்துவிட்டார். "இங்க வந்து ஆறு வருசமாச்சு, தெரியாதா கண்ணு? குஞ்சுலயே சூடு பண்ணுன தகட்டுல வெச்சு நறுக்கிப்போடுவாங்க. இல்லாட்டி ஒண்ண ஒண்ணு கொத்திக் கொன்னுபோடும். நீ கோழியவா பாத்தே? கோட்டத்தான பாத்தே!"

முட்டை பொறுக்கிக்கொண்டிருந்த சாந்தாமணி திரும்பினாள். "ஏனுங்க அம்மணி, பேசாம முட்டைய வரைஞ்சு அனுப்புங்க. அதுல யாரும் எதையும் வெட்டலீங்க."

நானும் சேர்ந்து சிரித்தேன். ஆனால் உள்ளே எதுவோ இடம் மாறிவிட்டது. கோயம்புத்தூர் ஆர்.எஸ்.புரத்தில் வளர்ந்தவள் நான். கல்யாணத்துக்கு முன் கோழியைக் கதைப்புத்தகத்தில்தான் பார்த்திருக்கிறேன். வந்த பிறகும் குஞ்சுக் கொட்டகைப் பக்கம் போனதில்லை. கற்பனையில் வரைந்திருந்தால் கூரான அலகு போட்டு 'ஏ' வாங்கியிருப்பேன். பார்த்து வரைந்ததால் 'பி'. பார்த்தேன் சரி. என்ன பார்க்கிறேன் என்றே தெரியாமல் பார்த்தது பார்த்ததாகுமா?

மத்தியானம் புதுத் தாளை மேலே வைத்து, சிவப்புக் கோட்டின் மேலேயே பென்சிலை ஓட்டி ஒரு கோழி வரைந்தேன். சுலபமாக வந்தது. யார் பார்த்தாலும் கோழி என்பார்கள். எனக்குத்தான் அது எந்தக் கோழி என்று தெரியவில்லை.

சாந்தாமணி வீட்டில் நாட்டுக்கோழி ஒன்று உண்டு. போய்ப் பார்த்தேன். அலகு கூர்தான். ஆனால் நுனி முள் மாதிரி கீழே வளைந்திருந்தது. சிவப்புக் கோடோ நேராக இருந்தது. அப்படியானால் அந்தப் பென்சிலும் கோழியைப் பார்த்ததில்லையா? இது எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். பயமாக இருந்தது. அப்போது அது நீளம் என்று சொன்ன என் விரல்கள்? கையை விரித்துப் பார்த்தேன். நீளமா, குட்டையா, ஒன்றும் சொல்ல முடியவில்லை.

திரும்பி வந்து வெட்டுப்பட்ட அலகையே இன்னும் பெரிதாக, தழும்பின் மேடு தெரிய வரைந்தேன். காரணம் எழுத முடியாது. பயிற்சித் தாளோடு கடிதம் வைக்கக்கூடாது என்பது விதி. இரண்டு தாள்களையும் முட்டை அட்டைகளின் மேல் பரப்பி வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். பல்லடத்தில் தபால் எடுக்கிற நேரம் நெருங்கியபோது கை தழும்புக் கோழியை எடுத்து உறைக்குள் போட்டது. தைரியம் என்று சொல்ல மாட்டேன். மற்றதை நான் வரைந்தேன் என்று சொல்லக் கூசியது, அவ்வளவுதான்.

பதினெட்டு நாள் கழித்துத் திரும்பி வந்தது. கோழியின் மேல் ஒரு கோடுகூட இல்லை. மதிப்பெண் போடும் இடம் காலி. தழும்புக்குப் பக்கத்தில் சிவப்பில் ஒரு வரி: "இது ஏன் இப்படி இருக்கிறது?"

தாளைத் திருப்பினேன். உறையை உதறினேன். வேறு எதுவும் இல்லை.

"பாஸா, பெயிலா?" என்றார் அவர்.

"தெரியலீங்க. கேள்வி கேட்டிருக்காங்க."

"வாத்தியாரே கேள்வி கேட்டா யாரு பதில் சொல்றது?"

பதில் எழுத உட்கார்ந்தேன். 'ஐயா' என்று எழுதி அடித்தேன். 'அம்மா' என்று எழுதி அதையும் அடித்தேன். சூடு, தகடு, குஞ்சு என்று காதால் கேட்டதை எழுதினால் அதுவும் கற்பனைதானே?

"ஏனுங்க, மூக்கு வெட்டறவங்க மறுக்கா எப்ப வருவாங்க?"

"வார புதன்கெழம, புதுக் குஞ்சுகளுக்கு. எதுக்கு?"

"பாக்கோணுங்க."

"உனக்கு ஆகாது கண்ணு. கத்தும்."

ஆகுமா ஆகாதா என்று எனக்கும் தெரியவில்லை. பென்சிலைச் சீவி வைத்தேன்.