கேமராவுக்கு வெட்கம்

பொழுதுபோக்காக இருந்தவரை அவளுக்கும் அந்தக் கேமரா மேல் கொள்ளைப் பிரியம்தான். அவள் வீட்டுக்காரன் மின்விசிறிக் கடையில் சேல்ஸ்மேன். லீவு கிடைத்தால் போதும், கேமராவும் கையுமாக அவள் பின்னாலேயே சுற்றுவான். துணி காயப்போட்டால் படம், தலை துவட்டினால் படம். கல்யாணமான புதிதில் ஒருநாள் மொட்டைமாடியில் அவள் லென்ஸையே முறைத்துப் பார்க்க, "அப்படிப் பார்க்காதே, கேமராவுக்கு வெக்கமா இருக்கு" என்றான். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

அந்தச் சிரிப்புப் படத்தைப் பார்த்துத்தான் அக்கம்பக்கத்தார் "எங்களையும் இப்படி எடுத்துக் குடுப்பா" என்று வர ஆரம்பித்தார்கள். வேலையை விட்டுவிட்டு வீட்டிலேயே ஸ்டூடியோ போட்டான். முன்னறையில் சோபா போய்ச் சாம்பல் நிறத் திரை வந்தது. தெருவைப் பார்த்த ஜன்னலில் அவள் சிரிப்பு ஆளுயரத்துக்குத் தொங்கியது. கடைக்கு வேறு போர்டு கிடையாது.

ஆள் வைத்துக்கொள்ள வசதியில்லை. வெளிச்சத்தை முகத்தின் மேல் திருப்பி அடிக்கிற அந்த வட்டமான வெள்ளித் துணியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற வேலை அவள் தலையில் விழுந்தது. முகம் சுளிக்காமல்தான் பிடித்தாள், அந்தக் கல்யாணப் பெண் வருகிறவரை.

வந்தவள் மூக்கும் முழியுமாக இருந்தாள். அது போகட்டும், அழகாயிருப்பது குற்றமா என்ன? ஆனால் கேமரா முன்னால் மரக்கட்டை மாதிரி உட்கார்ந்திருந்தாள். இவன் என்ன செய்தான்? குனிந்து, குரலைக் குழைத்து, "அப்படிப் பார்க்காதீங்கம்மா, கேமராவுக்கு வெக்கமா இருக்கு" என்றான். அவள் களுக்கென்று சிரித்துவிட்டாள்.

இவளுக்குப் பகீரென்றது. அடப்பாவி மனுஷா! படத்தை விற்றாய் சரி, இதையுமா விற்பாய்? வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது. 'சிரிடி மகாராணி, சிரி. பாதி முகம் இருட்டிலேயே கிடக்கட்டும்' என்று கறுவிக்கொண்டு துணியைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிட்டாள். கிளிக் கிளிக்கென்று எடுத்துத் தள்ளிக்கொண்டிருந்தவன் அதைக் கவனிக்கவே இல்லை.

வாங்கிக்கட்டிக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தாள். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தவனோ, "ஏய், இங்க வந்து பாரேன்!" என்று கத்தினான். பாதி முகம் வெளிச்சம், பாதி நிழல், நடுவில் அந்தச் சிரிப்பு. இவளாலேயே கண்ணை எடுக்க முடியவில்லை. அதுதான் இன்னும் ஆத்திரமாக வந்தது.

மறுநாளே ஜன்னலில் இருந்த அவள் படம் இறங்கி, அந்தப் பெண்ணின் படம் ஏறியது.

"உன்னோடது வெயில்ல வெளுத்துப் போச்சுல்ல?" என்றபடி அவளைச் சுருட்டி அலமாரி மேல் வைத்தான்.

அடுத்து வந்த கல்யாணப் பெண், ஜன்னலைக் காட்டி அதே மாதிரி வேண்டும் என்று சொல்லிவிட்டு, உள்ளே சேலை மாற்றப் போனாள். இவனும் விளக்கை அப்படி இப்படி நகர்த்திப் பார்த்தான். அந்த நிழல் வருவேனா என்றது.

"அன்னிக்கு எப்படித்தான் பிடிச்சே?"

"வயித்தெரிச்சலோட பிடிச்சேன்."

"என்னது?"

"அந்தக் கேமரா வெக்கம் எனக்குச் சொன்னதுங்க. எனக்கு மட்டும். வர்றவளுக்கெல்லாம் அதையே சொல்லுவீங்க, நான் பக்கத்துலயே நின்னு வெளிச்சம் பிடிக்கணுமாக்கும்?"

"அடியே, அது சும்மா தொழிலுக்கு..."

"எனக்குச் சொன்னப்போ தொழில் இல்லையே."

அவன் லென்ஸைத் துடைக்க ஆரம்பித்தான். அதற்குள் சேலை மாற்றப் போனவள் வந்து உட்கார்ந்துவிட்டாள். அவளும் மரக்கட்டைதான். அவன் கேமராவைத் தூக்கினான், குனிந்தான், வாயைத் திறந்தான். மனைவி பக்கம் ஒரு பார்வை பார்த்தான். மென்று விழுங்கிவிட்டு, "கொஞ்சம் சிரிங்கம்மா" என்றான்.

அந்தப் பெண் அடையாள அட்டைக்குச் சிரிக்கிற மாதிரி சிரித்தாள். இவள் வெள்ளித் துணியை முகத்துக்கு நேராகப் பிடித்தாள். பொட்டு நிழல் இல்லை.

"ஜன்னல்ல இருக்கிற மாதிரி வரலையே" என்று அந்தப் பெண் உதட்டைப் பிதுக்கினாள். அவன் தலையைச் சொறிந்தான்.

"வெளிச்சம் நல்லாத்தானே பிடிச்சேன்" என்று சொல்லிவிட்டு, இவள் துணியை மடித்து வைத்தாள்.