கைதட்டலுக்கு முன்னால்

ராமசுப்புவை நான் இன்றைக்கும் திட்டுவேன். அருப்புக்கோட்டை பஜாரில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த மனுசன். ஊர் ஊராகத் திருவிழா நாடகங்களுக்குப் போய், மைக்செட்டில் ஒயரைச் சொருகி, ஸ்பூல் டேப்பில் பதிவு செய்யும் பைத்தியம். அவரைப் போல இன்னும் சில கிறுக்கர்கள் சுற்றுவட்டாரத்தில் உண்டு. காலி டேப்பைக் கொடுத்தால் ஒருவருக்கொருவர் பிரதி எடுத்துக் கொடுப்பார்கள். காசு வாங்க மாட்டார்கள், அதை மட்டும் குறை சொல்ல முடியாது.

எழுபத்து நாலில் திருச்சுழிப் பக்கம் எங்கள் ஊர்ப் பங்குனிப் பொங்கலுக்கு நாடகம் போட்டார்கள். ராமசுப்புவும் டேப்போடு வந்து பதிவு செய்தார். மயானக் காட்சியில் நடிகை கோகிலாம்பாள் செத்த பிள்ளையை மடியில் போட்டு அழுது பாடினாள். பாட்டு முடிந்ததும் அன்பளிப்பு. நடிகைக்குப் பணம் கொடுத்தால், கொடுத்தவர் பேரைப் பபூன் மைக்கில் சொல்லுவார். என் தம்பி சின்னத்துரைக்கு அது போதவில்லை. மேடையேறி மைக்கைப் பிடுங்கித் தானே பேசினான். பொண்டாட்டி பேரைச் சொல்லி, பிறக்கப்போகிற பிள்ளைக்காகக் கொடுக்கிறேன் என்றான். அழுதுகொண்டிருந்த கூட்டம் மொத்தமும் கைதட்டியது. அந்தப் பொண்டாட்டி சண்முகவடிவு நிறைமாசமாய் வீட்டில் இருந்தாள், அவள் கேட்கவில்லை.

அந்த வாரமே சின்னத்துரை, கிணறு தோண்டப் பாறைக்கு வைத்த வெடியில் போய்விட்டான். முகம் பார்க்கக்கூட எங்களுக்குக் கொடுத்து வைக்கவில்லை. படுபாவி, ஒரு போட்டோகூடப் பிடித்துக்கொள்ளாமல் போனான்.

பிள்ளை தவழ ஆரம்பித்தபோதுதான் சண்முகவடிவுக்கு அந்த டேப் நினைப்பு வந்தது.

"மதினி, அவுக பேசுனதை ஒரே ஒரு தடவை கேக்கணும். இவனுக்கும் அப்பா குரலு இதான்னு காட்டணும்."

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ராமசுப்புவின் கடைக்குப் போனோம்.

"அன்பளிப்பா? பாட்டுக்கு இடையில அது ஒரே கரைச்சல் தாயி," என்றார். "பேச்சையெல்லாம் பிளேடால வெட்டி எடுத்துட்டு டேப்பை ஒட்டிட்டேன். இப்ப எம்புட்டு சுத்தமா இருக்குங்கிய!"

"வெட்டுனது எங்க?"

"குப்பையில."

"ஏன்யா, செத்தவன் குரலு உனக்குக் குப்பையா?" என்று கத்தினேன். பஜாரே திரும்பிப் பார்த்தது. மனுசனுக்கு முகம் வெளுத்துவிட்டது. வெட்டுவதற்கு முன்னால் மல்லாங்கிணறு சங்கையாவுக்கு ஒரு பிரதி கொடுத்ததாகச் சொன்னார்.

பஸ் பிடித்து மல்லாங்கிணறு போனோம். வழியெல்லாம் சண்முகவடிவு பிள்ளையின் காதைத் தடவிக்கொண்டே வந்தாள்.

சங்கையா காட்டு வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தார். விஷயத்தைக் கேட்டுத் தலையைச் சொறிந்தார்.

"ராமசுப்பு அண்ணாச்சி பின்னாடி சுத்தமான பதிவு குடுத்தாரும்மா. இனி பழசு எதுக்குன்னு அது மேலேயே பதிஞ்சிட்டேன்."

சண்முகவடிவு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பாவம், அந்த மனுசனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. இருப்பதையாவது கேளுங்கள் என்று டேப்பை ஓடவிட்டார். கோகிலாம்பாள் அழுதாள். பாட்டு முடிந்ததும் படபடவென்று கைதட்டல், விசில்.

"பாட்டுக்கு விழுந்த கைதட்டலைப் பாத்தியளா!" என்றார் சங்கையா.

"பிள்ளையைப் பறிகொடுத்தவ அழுற அழுகைக்கு எவன்யா கைதட்டுவான்?" என்றேன். "நான் முன்வரிசையில இருந்தேன். இது எந்தம்பிக்குத் தட்டுனது."

சங்கையா யோசித்தார். "அப்ப இது இங்க நிக்கிறது தப்பாச்சே. இதையும் வெட்டச் சொல்லணும்."

அடிக்கக் கை ஓங்கிவிட்டேன். சண்முகவடிவுதான் பிடித்துக்கொண்டாள்.

"மதினி, அவுக என்ன சொன்னாகன்னு நீங்க சொல்லுங்க. அண்ணாச்சி, பாட்டு முடியவும் நிப்பாட்டுங்க. மதினி சொன்ன பெறகு ஓடவிடுங்க."

மறுபடி பாட்டு வந்து நின்றது. தம்பி சொன்னதைச் சொன்னேன்.

"எம் பொஞ்சாதி சம்முகவடிவு வயித்துல இருக்க பிள்ளை சார்பா குடுக்கேன். பெறந்து வந்ததும் அடுத்த பொங்கலுக்கு நானே தோள்ல தூக்கிட்டு வாரேன்."

சங்கையா விசையைத் தட்டினார். கைதட்டல் வந்தது. பிள்ளை சத்தம் வந்த பெட்டியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்து, தூக்கச் சொல்லி இரண்டு கையையும் நீட்டியது.