தாழ்ப்பாளுக்கு ஆட்சேபம்

அந்தக் குடியிருப்பில் தலைவர் என்று யாரும் கிடையாது. எல்லாக் கூட்டங்களுக்கும் தலைமை தாங்கும் ஓய்வுபெற்ற பேராசிரியர் இதைச் சொல்லித்தான் பேச்சை ஆரம்பிப்பார். பதினோரு குடும்பங்கள், ஒரே கட்டடம், ஒரே சமையலறை. குழந்தைகள் எல்லாருக்கும் பொது. வீட்டுக் கதவுகளுக்கு உள்தாழ்ப்பாள் இல்லை. ஒளிவுமறைவற்ற வாழ்க்கைக்கு அது முட்டுக்கட்டை என்று முடிவாகியிருந்தது. குளியலறைக்கு மட்டும் விலக்கு. அதற்கே மூன்று கூட்டம் பிடித்தது.

மூன்றாம் மாடியில் இருந்தவள் லிஃப்ட் மெக்கானிக். ஆறு வயது மகளைத் தனியாக வளர்ப்பவள். எங்காவது லிஃப்ட் நின்றுபோனால் சாப்பாட்டில் கை வைத்த நேரமானாலும் எழுந்து ஓட வேண்டும். அப்போதெல்லாம் குட்டியைக் குளிப்பாட்டி, ஊட்டி, தூங்கவைத்தது இந்தக் கட்டடம்தான். அதை அவள் மறந்ததில்லை. மறக்கவும் விடமாட்டார்கள்.

குட்டிக்குப் பேச்சு திக்கும். திக்கினால் என்ன, முடித்துவைக்கத்தான் இருபது பெரியவர்கள் இருந்தார்களே. "எனக்குத் த..." என்று ஆரம்பிப்பாள். தண்ணீர் வந்துவிடும். தட்டு வரும். தலையணை வரும். கீழ்மாடியில் குடியிருந்த பல் டாக்டர் ஒருமுறை தலைவலி மாத்திரையோடு ஓடிவந்தார். எது முதலில் வந்ததோ அதை வாங்கிக்கொண்டு குட்டி போய்விடுவாள். கொஞ்ச நாளாக ஆரம்பிப்பதையே விட்டுவிட்டு, எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். என்ன சமத்து என்று கட்டடமே பூரித்தது.

பேச்சுப் பயிற்சி தருகிற டாக்டரம்மா மட்டும் பூரிக்கவில்லை. "தினமும் அரைமணி நேரம் கதவச் சாத்திட்டு அவளோட உக்காருங்க. நடுவுல யாரும் வரக்கூடாது. அவ சொல்ல வர்றத யாரும் முடிச்சு வைக்கக்கூடாது. நீங்களும்தான். இப்படியே போனா, பேசறதே வேணாம்னு முடிவு பண்ணிடுவா."

மெக்கானிக் கதவைச் சாத்திப் பார்த்தாள். சாத்திய கதவைக் கண்டால் உள்ளே ஏதோ கஷ்டம் என்று பதறும் நல்ல மனிதர்கள். ஒருவர் சூப்போடு வந்தார், ஒருவர் அறிவுரையோடு. ஆகவே ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் எழுந்து நின்றாள்.

"என் கதவுக்கு ஒரு தாழ்ப்பாள் வேணும்."

பேராசிரியர் புன்னகைத்தார். "தாழ்ப்பாள் மரத்துல இல்லம்மா. மனசுல இருக்கு."

"மனசுல இருக்கறத நான் பாத்துக்கறேன் சார். மரத்துல ஒண்ணு வேணும்."

"இன்னிக்குத் தாழ்ப்பாள்," என்றார் பல் டாக்டர், "நாளைக்கு ஆளாளுக்குத் தனி அடுப்பு கேப்பாங்க."

ஒருவர் ஆட்சேபித்தாலும் தீர்மானம் செல்லாது என்பது விதி. பேராசிரியர் கொள்கை அளவில் ஆட்சேபித்தார். ஆட்சேபித்து முடித்ததும் அவருக்கு ஜனநாயகம் ஞாபகம் வந்தது. "சம்பந்தப்பட்டது குழந்த. அவளையே கேப்போமே. சொல்லுடா செல்லம், உனக்கு என்ன வேணும்?"

குட்டி எழுந்தாள். வெகுநாளைக்குப் பிறகு வாய் திறந்தாள். "எ... எ..."

"எல்லாரும்!" என்றார் பல் டாக்டர்.

"எல்லாரும் வேணும்ங்கறா," என்ற பேராசிரியருக்குக் கண் கலங்கியது. கைதட்டல் எழுந்தது. குழந்தையின் கருத்து என்று அதைப் பதிவும் செய்துகொண்டார்கள். குட்டி இன்னும் நின்றுகொண்டிருந்தாள், பாதிச் சொல்லோடு. பிறகு வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தாள். கூட்டத்தில் அதைப் பார்த்தது அவள் அம்மா ஒருத்திதான்.

கூட்டம் கலைந்ததும் அம்மாவும் மகளும் லிஃப்டில் ஏறினார்கள். நாலாம் மாடிக்குப் போகவேண்டிய பேராசிரியரும் ஏறிக்கொண்டார். துவைத்த துணி மூட்டைகள் பாதி இடத்தை அடைத்திருந்தன. லிஃப்ட் கிளம்பியது.

"தா... தாத்தா, எ... என் செ..."

"செடியா கண்ணு? செல்போனா?"

குட்டி இல்லையென்று தலையசைத்தாள். "செ... செ..."

"செய்தி! தாத்தாவுக்கு ஏதோ செய்தி வச்சிருக்கா."

மெக்கானிக் கை நீட்டிச் சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். இரண்டு மாடிகளுக்கு நடுவே லிஃப்ட் நின்றது.

"என்னம்மா ஆச்சு? பழுதா?"

"இல்ல சார். அவ பேசி முடிச்சதும் போகும்."

"அது சரி, குழந்த என்ன சொல்ல வர்றான்னா..."

"நீங்க சொன்னா போகாது. அவ சொன்னாத்தான் போகும்."

பேராசிரியர் வாழ்நாளில் இவ்வளவு நேரம் சும்மா இருந்ததில்லை. நெற்றி வேர்த்தது. உதவி செய்யத் துடித்த உதடுகளைக் கையால் பொத்திக்கொண்டார். குட்டி அம்மாவைப் பார்த்தாள். அம்மா கூரையைப் பார்த்தாள். குட்டி ஒரு மூச்சு இழுத்து, வழுக்கி, மறுபடி பிடித்து, கடைசி எழுத்துவரை போய்ச் சேர்ந்தாள்.

"எ... என் செ... செருப்ப மிதிச்சிட்டு நிக்கிறீங்க. கா... கால எடுங்க."

மூட்டையை நகர்த்திப் பார்த்தார்கள். மிதித்துக்கொண்டுதான் நின்றார்.

காலை எடுத்தார். அவருக்கே பழக்கமில்லாத சின்னக் குரலில், "கூட்டத்துல என்ன சொல்ல வந்தே கண்ணு?" என்றார்.

குட்டி யோசித்தாள். "ம... மறந்துபோச்சு."

"இன்னிக்குத் தாழ்ப்பாள் போட்டுடறேன் சார்," என்றாள் மெக்கானிக்.

"அது வந்தும்மா, நான் என்ன சொல்ல வரேன்னா..."

"சரின்னு சொல்ல வர்றீங்க. புரிஞ்சுது." பொத்தானை விடுவித்தாள்.

டிரில் சத்தம் கேட்டுக் கட்டடமே மாடிப்படியில் கூடியது. பல் டாக்டர் சூப்போடு வந்திருந்தார். வழியை மறித்துப் பேராசிரியர் நின்றார். "ஆட்சேபத்த நான் வாபஸ் வாங்கிட்டேன். ஆழமாப் பாத்தா தாழ்ப்பாளும் ஒரு வகைத் திறப்புதான். எல்லாரும் கீழ போங்க. சூப்பும்தான்."

உள்ளே, மெக்கானிக் திருகாணிகளை உதட்டில் கவ்விக்கொண்டு கதவருகே மண்டியிட்டிருந்தாள். பக்கத்தில் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்த குட்டி, பள்ளிக்கூடத்துக் கதை ஒன்றை ஆரம்பித்திருந்தாள்.

"அப்போ அ... அந்த மி... மி..."

அந்தச் சொல் அம்மாவின் நாக்கு நுனிக்கே வந்துவிட்டது. திருகாணிகளை இன்னும் இறுக்கிக் கவ்விக்கொண்டு, அவசரமில்லாமல் ஒன்றை எடுத்துத் துளையில் பொருத்தினாள்.