ரைஹான் இலையின் புள்ளிகள்

"முன்வாசல் வழியாப் போகாதே. புள்ளைங்களை அடுப்படிப் பக்கமா கூட்டிட்டுப் போ," என்று கத்தரியை நுஹாவின் கையில் திணித்தாள் உம் நிஸார். "ஓடையோரம் ரைஹான் வெட்டிட்டு வாங்க. அஸர் தொழுகைக்கு அப்புறம் பொம்பளைங்க நாம கப்ருக்குப் போறப்போ வெறுங்கையோட போக முடியுமா? புள்ளைங்களும் இந்த அழுகையைப் பாக்க வேணாம். ரெண்டு வேலையும் ஆச்சு."

நுஹாவின் அக்காவும் உம் நிஸாரின் மருமகளுமான விஜ்தான் விடியற்காலையில் இறந்திருந்தாள். மதிய லுஹர் தொழுகை முடிந்து ஆண்கள் உடலை வைத்த சந்தூக்கை அடக்கத்துக்குத் தூக்கிக்கொண்டு போய்க் கால்மணி நேரம்கூட ஆகவில்லை. கூடத்தில் துக்கத்துக்கு வந்தவர்களுக்குச் சர்க்கரையில்லாத காப்பி ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

"கேட்டா என்ன சொல்றது மாமி?"

"பெய்ரூத்துக்கு, ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கான்னு சொல்லு. நேத்து ராத்திரி பக்கத்து வீட்டுக்கு அனுப்பறப்போ நானும் அதைத்தான் சொன்னேன். நாப்பதாம் நாள் கழியட்டும், நானே பதமா சொல்லிக்கறேன்."

நுஹா தலையாட்டினாள். மகனின் மனைவியை ஏழு மாதம் குளிப்பாட்டி, சோறூட்டி, மலம் அள்ளிய கைகள் அவை. அந்தக் கைகளோடு வாதாட நுஹாவுக்கு என்ன தகுதி? இந்த ஏழு மாதத்தில் அவள் திரிபோலியிலிருந்து வந்தது ஒன்பது முறை. எண்ணி வைத்திருந்தாள்.

பக்கத்து வீட்டிலிருந்து விஜ்தானின் பிள்ளைகள் ஜுமானாவும் கைஸும் செருப்பை மாட்டிக்கொண்டு வந்தார்கள். ஜுமானாவுக்கு ஏழு வயது, தம்பிக்கு நாலு.

"இன்னைக்கு வெள்ளிக்கிழமை இல்லையே சாச்சி," என்றாள் ஜுமானா.

"சும்மா ஒரு நடை."

வெள்ளிக்கிழமை காலை என்றால் இந்தக் குடும்பத்துக்கு நடை. விஜ்தான் பிள்ளைகளுக்கு எண் சொல்லிக் கொடுத்தது பைன் காய்களை வைத்து. நிறம் சொல்லிக் கொடுத்தது பாறைப் பாசியை வைத்து. அவளுடைய நடைக்குச் சட்டங்கள் இருந்தன. சின்னவன்தான் முன்னால் போக வேண்டும். அவன் நின்றால் எல்லோரும் நிற்க வேண்டும். கேட்ட கேள்விக்குப் பொய்யான பதில் கூடாது. தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லலாம்.

கைஸ் முன்னால் நடந்தான். முதல் மேட்டுச் சுவருக்கு அடியில் நின்றான். காலியான ஓர் ஆமை ஓடு அங்கே கிடந்தது.

"இது செத்துப்போச்சு," என்று நுஹாவுக்கு அறிமுகம் செய்துவைத்தான். "தூங்கல. ஊருக்கும் போகல."

"அவன் அப்பல்லாம் தூங்குதுன்னே சொல்லுவான்," என்றாள் ஜுமானா. "உம்மா அதைக் கையில குடுத்து, உள்ள பாத்துட்டு நீயே சொல்லுன்னுச்சு. ரெண்டு நாள் அழுதான்."

"நான் அழல," என்றான் கைஸ்.

நுஹா அவன் பின்னாலேயே நடந்தாள். ஓடை வந்ததும் நிம்மதியாக இருந்தது. வெட்டுகிற வேலைக்குப் பதில் சொல்லத் தேவையில்லை. பளபளவென்று சின்ன இலைகளோடு நின்ற புதரில் நறுக் நறுக்கென்று கத்தரியை ஓட்டினாள். ஒரு கட்டு சேர்ந்ததும் ஜுமானா வந்து எட்டிப் பார்த்தாள்.

"சாச்சி, நீங்க பெரிய படிப்பு படிச்சவங்கதானே?"

"ஏன்டி?"

"இது ரைஹான் இல்ல. பிசின் செடி. ஆடுகூட யோசிச்சுத்தான் திங்கும்."

கைஸ் விழுந்து விழுந்து சிரித்தான். ஜுமானா நாலு எட்டு தள்ளி வேறொரு புதரிலிருந்து ஓர் இலையைக் கிள்ளி, கசக்காமல் நுஹாவிடம் நீட்டினாள். "ஒரு கண்ண மூடிக்கங்க. வெயிலுக்கு நேரா பிடிங்க. தெரியுதா?"

பச்சைக்குள் ஊசியால் குத்தியதுபோல நூற்றுக்கணக்கான வெளிச்சப் புள்ளிகள். நுஹாவின் முப்பது வருடத்தில் பெருநாள்தோறும் கல்லறைகளில் கிடந்த இலை இது. ஒருநாளும் அவள் இந்தப் புள்ளிகளைப் பார்த்ததில்லை.

"தெரியுது."

"அதான் ரைஹான்." ஜுமானா கத்தரியை வாங்கிக்கொண்டாள். பிறகு வெட்டாமல் நின்றாள். "பெருநாளுக்குத்தான் வெட்டுவோம், பாட்டனார் கப்ருக்கு. இன்னைக்குப் பெருநாள் இல்ல."

கைஸ் அந்தப் புதரின் கருநீலப் பழங்களை வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தான். தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது.

"யாருக்கு சாச்சி?"

பெய்ரூத் என்ற சொல் நுஹாவின் நாக்கு நுனிவரை வந்தது. சிறுமியின் முகத்தைப் பார்த்தாள். அது பதிலைக் கேட்கவில்லை. பதில் சரியா என்று பார்க்கக் காத்திருந்தது.

நுஹா ஈரமண்ணில் முழங்காலிட்டாள்.

"உம்மாவுக்கு. இன்னைக்கு விடியக்காலையில உம்மா மௌத்தாயிட்டா."

"தூங்கல?" என்றான் கைஸ், மெல்லுவதை நிறுத்திவிட்டு.

"இல்லடா. தூங்கல. ஊருக்கும் போகல."

அவன் அவள் மடியில் ஏறி உட்கார்ந்தான். ஜுமானா முதுகைத் திருப்பிக்கொண்டு வெட்ட ஆரம்பித்தாள். தோள் குலுங்கியது, கை நிற்கவில்லை. நுஹா அவளைத் தடுக்கவுமில்லை, தேற்றவுமில்லை. வெகுநேரம் கழித்து ஜுமானா மூக்கைத் துடைத்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் வேணும்," என்றாள்.

திரும்பும்போதும் கைஸ்தான் முன்னால் போனான். அடுப்படிப் பக்கம் திரும்பாமல் நேராக முன்வாசலுக்கு நடந்தான். நுஹா திருத்தவில்லை. முற்றத்தில் பெண்கள் நடுவே அவன் நின்றான், எல்லோரும் நின்றார்கள்.

உம் நிஸார் எழுந்து வந்தாள். பேத்தியின் வீங்கிய கண்களைப் பார்த்தாள், நுஹாவைப் பார்த்தாள்.

"ரைஹான் எதுக்குன்னு தெரிஞ்ச இவங்களையே அதை வெட்ட அனுப்பிச்சேன் பாரு," என்றாள் தனக்குள் சொல்வதுபோல.

"நான்தான் சொன்னேன் மாமி," என்றாள் நுஹா.

"வாடிடும் வாப்பும்மா. தண்ணியில வைக்கணும்," என்றாள் ஜுமானா.

உம் நிஸார் உள்ளே போய் வாளியில் தண்ணீர் கொண்டுவந்தாள். கிளைகளை ஒவ்வொன்றாக அதில் நிறுத்தினாள். கைஸ் ஓர் இலையைப் பறித்து அவள் உள்ளங்கையில் வைத்தான்.

"ஒரு கண்ண மூடிக்கங்க வாப்பும்மா."

அவள் ஒரு கண்ணை மூடிக்கொண்டு இலையை வெயிலுக்கு நேராகத் தூக்கினாள். கப்ருக்குப் புறப்பட எழுந்த பெண்கள் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வரும்வரை அதை இறக்கவில்லை.