சிவக்காத சோதனை

அவளுக்குத் துருவி என்று பெயர் வைத்தது குழுவினர்தான். அடுத்தவர் எழுதிய நிரலில் ஒரு காற்புள்ளி இடம் மாறியிருந்தாலும் துருவிக் கண்டுபிடித்துவிடுவாள். ஆளுக்கொரு மூலையில் இருக்கும் நாற்பது பேர் சம்பளமில்லாமல் சேர்ந்து வளர்க்கிற, யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய கணக்கு நிரல்களின் லைப்ரரி அது. அதில் சேர்க்கச் சொல்லி மூன்று ஃபங்ஷன்களை, அதாவது குட்டி நிரல்களை, அவள் முன்வைத்திருந்தாள். மற்றவர்கள் எழுதும் கணக்கைச் சோதிப்பதுதான் அவற்றின் வேலை. விடை சரியென்றால் திரையில் பச்சை, தப்பென்றால் சிவப்பு.

ஏற்கெனவே இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டார்கள். மூன்றாம் முறையும் திரும்பினால் அந்த யோசனைக்கு நிரந்தரமாகக் கதவு சாத்தப்படும் என்பது குழுவின் விதி. இரண்டு வருடத்து ஞாயிற்றுக்கிழமைகளை விழுங்கிய வேலை.

இந்த ஞாயிறு மாலை ஆறு மணி கெடு. அதற்குள் மறுப்பு வராவிட்டால் சேர்த்துக்கொள்வார்கள். மூன்று வாரத்தில் தொண்ணூற்றிரண்டு கருத்துகள் வந்திருந்தன, எல்லாம் முதல் ஃபங்ஷனின் பெயரைப் பற்றி. 'சமமா' என்று வைப்பதா, 'சமம்தானா' என்று வைப்பதா என்று ஒரே அடிதடி. சண்டைக்குத் தலைமை, குழுவில் 'முட்டுக்கட்டை' என்று பெயரெடுத்தவர். யார் எதைக் கொண்டுவந்தாலும் விதிப்புத்தகத்தோடு குறுக்கே நிற்பவர். அவரே நேற்று, "சரி, எப்படியோ போங்க" என்று எழுதி ஓய்ந்துவிட்டார்.

ஐந்து மணிக்கு லிஃப்ட் மெக்கானிக்கான அவள் கணவர் எட்டிப் பார்த்தார்.

"என்ன, வாயெல்லாம் பல்லா இருக்கு?"

"அறுபது சோதனை ஓட்டினேன். அறுபதும் பச்சை, பாருங்க."

"சிவப்பு வருமான்னு பார்த்தியா?"

"சிவப்பு எதுக்கு வரணும்? சரியாத்தானே எழுதியிருக்கேன்."

"நாங்க லிஃப்ட்ட வேணும்னே வேகமா இறக்கிவிட்டுப் பார்ப்போம். பிரேக் பிடிச்சாதான் கையெழுத்து. சும்மா நிக்கிற லிஃப்ட்ல பிரேக் இருக்கா இல்லையான்னு யாருக்குத் தெரியும்?"

அவளுக்குச் சுருக்கென்றது. அவர் வாயை அடைப்பதற்காகவே, இரண்டும் இரண்டும் ஐந்து என்று தட்டினாள். பச்சை. இரண்டும் இரண்டும் தொள்ளாயிரம். அதற்கும் கூசாமல் பச்சை.

துருவினாள். வந்த விடையை எதிர்பார்த்த விடையோடு ஒப்பிட வேண்டிய வரி, எதிர்பார்த்த விடையை அதனோடேயே ஒப்பிட்டுக்கொண்டிருந்தது. அந்த அறுபது சோதனைகளையும் இதே ஃபங்ஷன்களை வைத்துத்தான் எழுதியிருந்தாள். தன் பரீட்சைத் தாளைத் தானே திருத்தி நூற்றுக்கு நூறு போட்டுக்கொண்டிருந்திருக்கிறது. கணவர் சிரிக்காமல் நகர்ந்தார், அதற்கே அவருக்கு ஒரு கும்பிடு போடலாம்.

மணி ஐந்தரை. வாயைத் திறக்காமல் இருந்தால் ஆறு மணிக்கு உள்ளே போய்விடும், பிறகு ஓசைப்படாமல் திருத்திக்கொள்ளலாம். இந்த எண்ணம் வந்ததற்கே வெட்கப்பட்டாள். ஆனாலும் இருபது நிமிடம் அதை விடவில்லை. அதற்குள் யாரோ ஒருவர் இந்தப் பச்சையை நம்பி மருந்தளவுக் கணக்கு ஒன்றைப் போட்டுவிட்டால் என்று தோன்றியபிறகுதான் கை தட்டச்சுப் பலகைக்குப் போனது.

"என் யோசனையை நானே மறுக்கிறேன். இது தப்புக்கும் பச்சை காட்டுது."

ஆறுக்கு இரண்டு நிமிடம் இருக்கையில் முட்டுக்கட்டை வந்தார், விதிப்புத்தகத்தோடுதான்.

"மூணு வாரமா பேருக்குச் சண்டை போட்டேன், ஒரு தடவகூட ஓட்டிப் பார்க்கல. மன்னிச்சிடுங்க. பன்னிரண்டாவது விதியைப் படிங்க. மத்தவங்க மறுத்தாதான் திருப்பி அனுப்பினதாக் கணக்கு. எழுதினவங்களே மறுத்தா அது திருத்தம், ஒரு வாரம் அவகாசம் உண்டு."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. துடைப்பதற்குள் கீழே தொண்ணூற்றைந்தாவது கருத்து வந்து உட்கார்ந்திருந்தது: "அப்போ பேரு 'சமம்தானா'தானே?"

வரியைத் திருத்தினாள். இரண்டும் இரண்டும் ஐந்து என்று மறுபடி தட்டினாள். இரண்டு வருடத்தில் முதல்முறையாகத் திரை சிவந்தது.

"என்னங்க, கொஞ்சம் வாங்களேன்," என்று அடுத்த அறைக்குக் குரல் கொடுத்தாள். "பிரேக் பிடிச்சிடுச்சு."